செனன் வாயுவுக்காக அப்பாவை இடம் மாற்றலாமா?

இதயம் நின்று மீண்டு மூன்று நாளாகியும் நினைவு திரும்பாத உங்கள் அப்பாவை, செனன் வாயுச் சிகிச்சைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குக் கொண்டு செல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் தவிப்பு விளங்குகிறது, ஆனால் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஒட்சிசன் குறையும்போது மிகையாக வெளியேறும் குளுட்டமேற்று என்னும் நரம்புச் செய்திப் பொருள் மூளைக் கலங்களை அளவுமீறித் தூண்டி அழிப்பதை, மயக்க வாயுவான செனன், அக்கலங்களில் குளுட்டமேற்று சென்று ஒட்டும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளை அடைப்பதன் மூலம் தடுக்கக்கூடியது என்பது உண்மையே. ஆயினும், இதயம் நின்று மீண்டும் நினைவு திரும்பாத 110 நோயாளரைக் கொண்டு பின்லாந்தில் நடத்தப்பட்டு 2016 இல் வெளியான ஆய்வில், உடலைக் குளிர்வித்ததோடு 24 மணிநேரம் செனனும் பெற்றவர்களுக்கு மூளையின் வெண்பொருளில் (நரம்பிழைகள் நிறைந்த பகுதியில்) ஏற்படும் சேதம் குறைந்திருந்தபோதிலும், ஆறு மாத இறப்பு வீதத்தில் உறுதியான வேறுபாடு காணப்படவில்லை. அங்கும் அது இதயம் நின்ற முதற் சில மணிநேரத்துக்குள்ளேயே தொடங்கப்பட்டது; உங்கள் அப்பாவுக்கோ மூன்று நாளாகிவிட்டது.

செயற்கைச் சுவாசத்தில் இருப்பவருக்குப் பயணமே ஆபத்து. காய்ச்சலையும் வலிப்பையும் எவ்வாறு தடுக்கிறார்கள், இரத்த அழுத்தத்தை எவ்வாறு பேணுகிறார்கள் என்று தீவிர சிகிச்சைப் பிரிவு வைத்தியரிடம் கேளுங்கள்.