பிரெட் ஃபார்வ் ஓய்வு விஷயத்தில் ஏன் அத்தனை முறை மனம் மாறினார்? அதனால் அவர் பெயர் கெட்டதா?

வேலை நிமித்தம் விஸ்கான்சினுக்கு வந்ததிலிருந்து நான் ஃபார்வ் நெடுங்காலம் ஆடிய கிரீன் பே பேக்கர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ரசிகன். அந்தப் பாசத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் என்பவர்தான் பந்தைக் கையில் வாங்கி, எதிரணியின் முரடர்கள் தன்மேல் வந்து விழுவதற்குள், யாருக்கு எறிவது என்று முடிவெடுப்பவர். 1992 முதல் 2007 வரை பேக்கர்ஸுக்கு அது ஃபார்வ்தான். 1995, 96, 97 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் லீக்கின் சிறந்த வீரர் விருது (கடைசி முறை பேரி சாண்டர்ஸோடு பகிர்ந்துகொண்டார்), லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் ஒரு வெற்றி. இதையெல்லாம் விடப் பெரியது, 1992 செப்டம்பரில் தொடங்கி லீக் ஆட்டங்களில் மட்டும் தொடர்ந்து 297 முறை, ஒன்றுகூட விடாமல் களமிறங்கினார். எலும்பு முறிந்த கட்டை விரலோடும் ஆடியிருக்கிறார். 2003 டிசம்பரில் அப்பா திடீரென்று இறந்துபோன மறுநாளே ஓக்லண்டில் இறங்கி 399 கெஜம் எறிந்தார்.

இப்படிப்பட்டவரிடம் போய் "போதுமா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? என் கணிப்பில், கேள்வி அவர் முன் வந்த மாதம்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

சீசன் முடிவது ஜனவரி, பிப்ரவரியில். மார்ச்சில் வீரர்களை ஒப்பந்தம் செய்யும் வேலை தொடங்கிவிடும், ஏப்ரலில் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட். அதற்குள் அணிக்குப் பதில் தெரிந்தாக வேண்டும், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் முப்பத்தெட்டு வயது உடம்பில் வலிக்காத இடம் கிடையாது. தோல்வியின் கசப்பு வேறு. 2008 ஜனவரி 20 அன்று பேக்கர்ஸின் சொந்த மைதானமான லாம்போவில் நியூயார்க் ஜயண்ட்ஸோடு அரையிறுதி. பனி உறைந்த இரவு, மைனஸ் 18 டிகிரி. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. ஃபார்வ் எறிந்த பந்தை எதிரணியின் கோரி வெப்ஸ்டர் பிடித்துக்கொண்டார், சற்று நேரத்தில் ஆட்டம் கைவிட்டுப் போனது. பேக்கர்ஸுக்காக அவர் எறிந்த கடைசிப் பந்து அதுதான். ஆறே வாரத்தில் ஓய்வை அறிவித்தார். அந்தச் செய்தியாளர் சந்திப்பில் அழுதுகொண்டே அவர் சொன்னதன் சாரம்: என்னால் இன்னும் ஆட முடியும், ஆனால் ஆட வேண்டும் என்று தோன்றவில்லை.

நம் ஊரில் இதைத்தான் பிரசவ வைராக்கியம் என்பார்கள். வலி இருக்கும்வரை உண்மையான முடிவு, வலி போனதும் முடிவும் போய்விடும். ஜூலை வந்தால் உடம்பு ஆறிவிடுகிறது. மிசிசிப்பியில் வீட்டுக்குப் பக்கத்தில் ஓக் குரோவ் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. கோடையில் அங்கே போய் பள்ளிப் பையன்களுக்குப் பந்து எறிந்துகொண்டிருப்பார். கை பழையபடி வேலை செய்வது தெரிந்ததும் மார்ச்சில் சொன்னது யாரோ சொன்னது போல ஆகிவிடும். அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. மார்ச் ஃபார்வும் உண்மை, ஜூலை ஃபார்வும் உண்மை.

ஆனால் அதன் விலையை மற்றவர்கள் கொடுத்தார்கள், எனக்கு இன்னும் ஆறாத வருத்தம் அதுதான். 2005 டிராஃப்டில் எடுத்த இளம் குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் மூன்று ஆண்டுகள் பெஞ்சில் காத்திருந்தார். அவர் முறை வந்தபோது ஃபார்வ் திரும்பி வருகிறேன் என்றார். ஆகஸ்ட் மாதப் பயிற்சி ஆட்டத்தில் சொந்த ரசிகர்களே ராட்ஜர்ஸை நோக்கிக் கூச்சல் போட்டார்கள். அந்தப் பையன் செய்த தப்பு என்ன? கடைசியில் அணி உறுதியாக நின்று ஃபார்வை நியூயார்க் ஜெட்ஸுக்கு அனுப்பியது. நியாயமான முடிவு, அன்றைக்கே எனக்கு அப்படித்தான் பட்டது.

ஜெட்ஸில் முதல் 11 ஆட்டங்களில் 8 வெற்றி, அப்புறம் கைத்தசைக் காயம், சறுக்கல். 2009 பிப்ரவரியில் மறுபடி ஓய்வு. ஜூலை இறுதியில் மினசோட்டா வைகிங்ஸிடம் வர மாட்டேன் என்றார். மூன்று வாரம் கழித்து வந்துவிட்டார்! பயிற்சியாளர் பிராட் சில்ட்ரெஸ் தானே காரை ஓட்டிப்போய் விமான நிலையத்திலிருந்து அழைத்துவந்தார், மேலே டிவி ஹெலிகாப்டர்கள் பின்தொடர்ந்தன. அந்த அணியின் முதல் குவார்ட்டர்பேக் இடத்துக்காகக் கோடை முழுக்க உழைத்த டார்வாரிஸ் ஜாக்சனும் சேஜ் ரோசன்ஃபெல்ஸும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இருந்தாலும் அந்த வருகை சரிதான். நாற்பது வயதில் அவர் எறிந்து வந்த டச்டவுன் (எல்லைக்கோட்டைத் தாண்டி எடுக்கும் புள்ளி) 33, எறிந்த பந்தை எதிரணியிடம் பறிகொடுத்தது வெறும் 7. அவர் வாழ்க்கையிலேயே மிகச் சுத்தமான சீசன். லாம்போவுக்கு வைகிங்ஸின் ஊதா நிறச் சட்டையோடு வந்து எங்களையே தோற்கடித்தார். ஆனால் 2010 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸ் அணியோடு அங்கேயே நடந்த அரையிறுதியில் அதே கதை. 28-28, இன்னும் சில வினாடிகள். களத்தில் ஓர் ஆள் அதிகமாக நின்றதால் ஐந்து கெஜம் தண்டனை. அடிபட்ட கணுக்காலோடு வலப்பக்கம் ஓடியவர், முன்னால் காலி இடம் இருந்தும், உடம்பைத் திருப்பி நடுவே எறிந்தார். டிரேசி போர்ட்டர் பிடித்துவிட்டார். கூடுதல் நேரத்தில் தோல்வி.

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. அந்த ஆகஸ்டில் அவரும் வேண்டாம் என்ற மனநிலையில்தான் இருந்தார். அணி வீரர்கள் மூவர் மிசிசிப்பிக்குப் பறந்து வந்து கையோடு கூட்டிப்போனார்கள். அன்போடு கூப்பிடுகிறவர்களிடம் முடியாது என்று சொல்வது கஷ்டம், புரிகிறது. ஆனால் அந்த சீசனில் 11 டச்டவுன், பறிகொடுத்தது 19. டிசம்பரில் தொடர்ச்சி 297-ல் நின்றது. அடுத்த வாரம் பனி விழும் திறந்த மைதானத்தில் சிகாகோ பேர்ஸின் கோரி வூட்டன் அவரைக் கீழே தள்ள, உறைந்த தரையில் தலை மோதியது. அதற்குப் பிறகு அவர் ஆடவேயில்லை. 2024-ல் தனக்குப் பார்கின்சன் நோய் இருப்பதாக அவர் சொன்னபோது எனக்கு அந்தக் காட்சிதான் கண்முன் வந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் கடைசி சீசன் வேண்டாம் என்று அவரிடம் யாராவது அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

பெயர் கெட்டதா என்றால், ஓய்வு நாடகத்தால் கெடவில்லை. ஆட்டத்துக்கு வெளியே அவர்மேல் வந்த புகார்கள் வேறு விஷயம், அதை இதோடு குழப்ப வேண்டாம். 2015 ஜூலையில் பேக்கர்ஸ் அவரது 4-ஆம் எண் சட்டையை இனி யாரும் அணியக் கூடாது என்று அதற்கு ஓய்வு கொடுத்தபோது லாம்போவில் 67,000 பேர் கூடினார்கள். அன்று ஆட்டம்கூட இல்லை, விழாவைத் திரையில் பார்க்க மட்டும் வந்த கூட்டம். 2009-ல் அவரைப் பார்த்துக் கூச்சல் போட்டவர்கள் பலரும் அதில் இருந்திருப்பார்கள்.