மலையில் இருப்பவர்களுக்கு எந்த டெலஸ்கோப்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வடகிழக்குப் பருவமழை ஓயும் சமயத்தில் டெலஸ்கோப் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் வந்தவற்றில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டேன். ஒரே விஷயத்தைக் கேட்ட இரண்டு மூன்று கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

எட்டாம் வகுப்பு படிக்கும் மகளும் நானும் சேர்ந்து பார்க்க முதல் டெலஸ்கோப் வாங்கப் போகிறோம். 70 மி.மீ. லென்ஸ் டெலஸ்கோப்பா, 114 அல்லது 130 மி.மீ. ரிஃப்ளெக்டரா? மொட்டை மாடி இல்லை, வீட்டு வாசல்தான். (குன்னூர்)

130 மி.மீ. ரிஃப்ளெக்டர் (லென்ஸுக்குப் பதில் ஆடி வைத்தது), அதுவும் மேசைமேல் வைக்கிற டாப்சோனியன் வகை, அதாவது முக்காலி இல்லாமல் ஒரு பெட்டிமேல் பக்கவாட்டிலும் மேலும் கீழும் திரும்புவது. உங்கள் நிலையில் நான் யோசிக்காமல் இதைத்தான் எடுப்பேன்.

டெலஸ்கோப்பின் வேலை பெரிதாக்குவது என்று பலரும் நினைக்கிறார்கள். முதல் வேலை வெளிச்சம் சேர்ப்பது. அது விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 70 மி.மீ. லென்ஸைவிட 130 மி.மீ. ஆடி கிட்டத்தட்ட மூன்றரை மடங்கு வெளிச்சம் பிடிக்கும். நிலாவுக்கும் வியாழனின் நான்கு பெரிய துணைக்கோள்களுக்கும் 70 போதும். விண்மீன் கொத்துகள், நெபுலா (விண்வெளி வாயு மேகம்) என்று அடுத்த வாரமே மகள் கேட்கத் தொடங்குவாள், அப்போது 70 கைவிட்டுவிடும்.

130-இல் பெரும்பாலும் குவியத் தூரம் (ஆடியிலிருந்து வெளிச்சம் குவியும் இடம்வரை) 650 மி.மீ. இருக்கும். இவ்வளவு குட்டையான குவியத்துக்கு ஆடி பரவளைய வடிவில் இருந்தாக வேண்டும். விவரத் தாளில் 'பாரபோலிக்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். கோள வடிவ ஆடி என்றால் நட்சத்திரம் புள்ளியாக நிற்காது, குழம்பும். கையிருப்பு குறைவென்றால் 114/900 (விட்டம் 114, குவியத் தூரம் 900 மி.மீ.) எடுக்கலாம். அவ்வளவு நீளமான குவியத்தில் கோள ஆடியே சமாளித்துவிடும். குழாய்தான் நீளம்.

மலையில் இன்னொரு கணக்கும் உண்டு. சமவெளிக்காரர்களுக்கு இரவு முழுக்க வானம் திறந்திருக்கும். நமக்கு மிஸ்ட் விலகுகிற அரை மணி நேரம்தான் பல நாள் கிடைக்கும். ஸ்டாண்டை விரித்து, எடைக்கல் மாட்டி, சமன் செய்து முடிப்பதற்குள் பள்ளத்திலிருந்து மீண்டும் ஏறி வந்துவிடும். ஒரே ஆள் ஒரே தூக்கில் வாசலுக்குக் கொண்டுவர முடிகிற டெலஸ்கோப்தான் இங்கே அதிகம் பயன்படும். அதனால்தான் 200 மி.மீ. டாப்சோனியனை முதல் டெலஸ்கோப்பாகச் சொல்ல எனக்குத் தயக்கம். காட்சி அருமையாக இருக்கும். ஆனால் இருபது கிலோவுக்கு மேல் எடை, வாசலில் நாலு படி இருந்தால் மூன்றாம் மாதம் மூலைக்குப் போய்விடும். படி இல்லாத வீடு, இரண்டு பேர் இருக்கிறீர்கள் என்றால் 150/1200 வரை போகலாம்.

மேசை டாப்சோனியனை பிளாஸ்டிக் ஸ்டூலில் வைக்காதீர்கள். மூன்று சிமெண்ட் பிளாக் அடுக்கினால் போதும், ஆடாது. உடன் வரும் ஐபீஸ்களில் (கண் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ்கள்) 25 மி.மீ. ஐபீஸில் 26 மடங்கு, 10 மி.மீ. ஐபீஸில் 65 மடங்கு கிடைக்கும். சனியின் வளையத்துக்கு அந்த 65 தாராளம். பெரிதாக்கலைக் கூட்டும் பார்லோ லென்ஸெல்லாம் மெதுவாக வாங்கலாம்.

127 மி.மீ. விட்டம், 1000 மி.மீ. குவியத் தூரம், 675 மடங்கு பெரிதாக்கும் என்று விளம்பரம். குழாய் அரை மீட்டர்தான், சின்ன வீட்டுக்கு வசதி. வாங்கலாமா? (கோத்தகிரி)

வேண்டாம். நியூட்டன் வகை ரிஃப்ளெக்டரில் குழாயின் நீளமும் குவியத் தூரமும் ஏறக்குறைய சமமாக இருக்கும். 1000 மி.மீ. என்று எழுதிவிட்டுக் குழாய் அதில் பாதிதான் என்றால், ஃபோகஸருக்குள் (ஐபீஸை முன்பின் நகர்த்திப் படத்தைத் தெளிவாக்கும் பாகம்) ஒரு திருத்தும் லென்ஸைப் பொருத்திக் கணக்கை நீட்டியிருக்கிறார்கள். பேர்ட்-ஜோன்ஸ் என்று இதற்குப் பெயர். நன்றாகச் செய்தால் தப்பில்லாத அமைப்புதான். மலிவில் செய்யும்போது அந்த லென்ஸும் கோள ஆடியும் சேர்ந்து படத்தைக் கெடுக்கின்றன, ஒழுங்குபடுத்துவதும் பெரும்பாடு.

675 மடங்கு என்பதைப் படித்ததுமே பக்கத்தைத் திருப்பிவிடலாம். விட்டம் எத்தனை மி.மீ.யோ அதன் இரண்டு மடங்குதான் எல்லை. 127-க்கு 250 சொச்சம், அதுவும் காற்று அசையாத இரவில்.

இக்வடோரியல் ஸ்டாண்டு வைத்த 130-ஐ நண்பர் சிபாரிசு செய்கிறார். வானத்தோடு சேர்ந்து தானே நகரும் என்கிறார். (பூம்பாறை)

நண்பர் சொல்வது பாதி சரி. மோட்டார் மாட்டினால் தானே நகரும். இல்லாவிட்டால் ஒரு திருகை நீங்கள்தான் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். எப்படியானாலும் அதன் ஒரு அச்சு வானத் துருவத்தை நோக்கி நிற்க வேண்டும், அங்கேதான் நமக்குச் சிக்கல்.

துருவ நட்சத்திரம் ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ ஏறக்குறைய அத்தனை உயரத்தில்தான் நிற்கும். கொடைக்கானல் பக்கம் 10 டிகிரி, ஊட்டியில் 11 சொச்சம். கையை நீட்டி மடக்கிய முட்டி ஒன்றின் உயரம், அவ்வளவுதான். பூம்பாறை மாதிரி மலை சூழ்ந்த ஊரில் வடக்கே ஒரு மேடோ யூகலிப்டஸ் வரிசையோ இருந்தால் அதைப் பார்க்கவே முடியாது. போதாக்குறைக்கு இந்த ஸ்டாண்டுகளில் பல 40, 50 டிகிரி ஊர்களை மனதில் வைத்துச் செய்தவை. 10 டிகிரிக்குச் சாய்த்தால் எடைக்கல் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். சிலவற்றில் திருகு அவ்வளவு கீழே இறங்கவே இறங்காது. ரிஃப்ளெக்டரை அதில் ஏற்றினால் ஐபீஸ் ஒரு நேரம் வானத்தைப் பார்க்கும், ஒரு நேரம் தரையைப் பார்க்கும். குழாயை வளையத்துக்குள் சுழற்றிச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும்.

சாய்ந்த அச்சின் அருமையைப் பார்க்க வேண்டுமென்றால் ஊட்டி முத்தோரைக்குப் போய்வாருங்கள். 1970-இல் இயங்கத் தொடங்கிய ரேடியோ தொலைநோக்கி, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஊரின் அட்சரேகைக்குச் சமமாக 11 டிகிரி சரிந்த மலைச்சரிவைத் தேடிப் பிடித்து அதன்மேல் வடக்கு தெற்காகக் கட்டினார்கள். மலையே இக்வடோரியல் ஸ்டாண்டு! ஒரே அச்சில் திருப்பினால் மணிக்கணக்கில் ஒரு பொருளைத் தொடரலாம். நமக்கு வாசலில் அந்தச் சரிவு கிடையாது, டாப்சோனியனே போதும்.

அதிலும் ஒரு குறை உண்டு. தலைக்கு நேர் மேலே இருப்பதைப் பிடிப்பது கஷ்டம். நம் அட்சரேகையில் வியாழனும் சனியும் உச்சிக்கு வரும்போது எப்போதும் 50 டிகிரிக்கு மேலேதான் இருக்கும், சில ஆண்டுகளில் ஏறக்குறைய உச்சந்தலைக்கே வந்துவிடும். அப்படிப்பட்ட நாளில் ஒரு மணி நேரம் பொறுங்கள், 15 டிகிரி சரிந்துவிடும்.

ஜனவரியில் வானம் கண்ணாடியாக இருக்கிறது. ஆனால் வெளியே கொண்டுபோனதும் வியாழன் கொதிக்கிறது. ஆடியில் கோளாறா? (ஊட்டி)

ஆடி நன்றாகத்தான் இருக்கும். வீட்டுக்குள் 16 டிகிரியில் இருந்த ஆடி, வெளியே உறைபனி விழும் குளிரில் சூட்டைக் கக்குகிறது. தோசைக்கல்லுக்கு மேலே சுவர் நெளிகிற மாதிரி குழாய்க்குள் காற்று நெளிகிறது. 130-க்கு அரை மணி, 200-க்கு ஒரு மணி நேரம் ஆறவிட வேண்டும்.

அரை மணி வானத்துக்கு அரை மணி ஆறவிடுவதா என்று கேட்பீர்கள். டெலஸ்கோப்பை வீட்டுக்குள் வைக்காதீர்கள். ஹீட்டர் இல்லாத அறை, பூட்டக்கூடிய ஷெட், சூடேறாத வராண்டா, இப்படி எங்காவது காய்ந்த இடத்தில் இருக்கட்டும். எடுத்ததும் பார்க்கலாம். அப்புறம், பக்கத்து வீட்டுத் தகரக் கூரைக்கும் புகைபோக்கிக்கும் மேலாகப் பார்த்தால் எவ்வளவு ஆறவிட்டாலும் நெளியும். ஊட்டி டவுன் பள்ளத்தில் இருக்கிறது, குளிர்ந்த இரவில் பனி முதலில் அங்கேதான் தேங்கும். கொஞ்சம் மேட்டில் தெரிந்தவர் வீடு இருந்தால் அங்கே போய்ப் பாருங்கள்.

எங்கள் தோட்டத்துக்குக் காட்டெருமை வரும். பகலில் அதைப் பார்க்கவும் ஆகுமா? (பெருமாள்மலை)

தலைகீழாகத் தெரியும். 10×50 பைனாகுலர் வாங்குங்கள், இரவிலும் உதவும்.

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தைப் பார்த்த பிறகு பையன் சூரியப் புள்ளி பார்க்க வேண்டும் என்கிறான். ஐபீஸில் மாட்டும் கறுப்பு ஃபில்டர் ஒன்று பெட்டியிலேயே இருக்கிறது. (கொடைக்கானல்)

அதை இன்றைக்கே உடைத்துக் குப்பையில் போடுங்கள். 130 மி.மீ. ஆடி சேர்க்கிற மொத்தச் சூடும் அந்தச் சின்னக் கண்ணாடியில் விழும். விரிசல் விட்டால் கண் போய்விடும்.

ஃபில்டர் குழாயின் வாயை முழுக்க மூட வேண்டும். அதற்கென்றே செய்து சான்று பெற்ற சூரிய ஃபிலிம் மட்டும்தான், எக்ஸ்ரே ஃபிலிமெல்லாம் கூடாது. ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் பிடித்துப் பொத்தல் இருக்கிறதா என்று பாருங்கள், காற்றில் பறக்காமல் டேப் ஒட்டுங்கள், ஃபைண்டரையும் (குறி பார்க்கப் பக்கத்தில் மாட்டியிருக்கும் சின்னக் குழாய்) மூடுங்கள், பையனைத் தனியே விடாதீர்கள். காலையிலேயே பார்த்துவிடுவது நல்லது, வெயில் ஏற ஏறக் காற்று கலங்கும். 1899-இல் தொடங்கிய அந்த ஆய்வகத்தில்தான் 1909-இல் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி, புள்ளியின் மங்கலான ஓரத்தில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதைக் கண்டுபிடித்தார். அந்த மங்கல் ஓரம் உங்கள் 130-இலேயே தெரியும்.

படத்தில் இருக்கிற சிவப்பும் நீலமும் எதிலுமே தெரியவில்லை. ஏமாந்துவிட்டேனா? (தாண்டிக்குடி)

அந்த நிறம் கேமரா நீண்ட நேரம் திறந்திருந்து சேர்த்தது. மங்கலான வெளிச்சத்தில் நம் கண் நிறம் காணாது. ஓரியன் நெபுலா சாம்பல் நிறப் புகையாகத்தான் தெரியும், நடுவில் நாலு சின்ன நட்சத்திரம் இருக்கும்.

நெபுலாவை விடுங்கள், உங்கள் ஊரில் இருந்துகொண்டு தெற்கே பார்க்காமல் இருப்பதுதான் நஷ்டம். ஏப்ரலில் நள்ளிரவு வாக்கில் தெற்கே 32 டிகிரி உயரத்தில் ஒமேகா சென்டாரி நிற்கும். ஏறக்குறைய ஒரு கோடி நட்சத்திரங்கள் கொண்ட உருண்டைக் கொத்து, லண்டனில் இருப்பவருக்கு அது உதிப்பதே இல்லை. 26 மடங்கில் தேடி, 65-க்கு மாற்றி, கண்ணை நேராக வைக்காமல் ஓரமாகப் பாருங்கள். உருண்டையின் விளிம்பு பொடிப் பொடியாகப் பிரியும்.

பழைய 130 ஒன்று விலைக்கு வருகிறது. ஆடியில் ஒரே தூசி. ஜூன் மழையில் பூஞ்சை வேறு பிடிக்குமே? (கூடலூர்)

டார்ச் அடித்துப் பார்த்தால் எந்த ஆடியும் அசிங்கமாகத்தான் தெரியும். தூசி படத்தைக் கெடுப்பது மிகக் குறைவு, துடைத்த கீறல்தான் கெடுக்கும். அலுமினியப் பூச்சு உரிந்தோ அரித்தோ இருக்கிறதா, ஃபோகஸர் ஆடுகிறதா என்று பாருங்கள். அசலாகவே அழுக்கு என்றால் ஆடியைக் கழற்றிக் குழாய்த் தண்ணீரில் காட்டி, ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு நீரில் நனைத்த பஞ்சை அழுத்தாமல் இழுத்து, கடைசியில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரால் அலசிச் செங்குத்தாகக் காயவிடுங்கள். நடுவில் இருக்கும் சின்ன வளையத்தை மட்டும் உரிக்காதீர்கள், ஆடியை நேராக்க அது வேண்டும். கழுவினாலும், மலைப்பாதையில் ஜீப்பில் கொண்டுவந்தாலும் பெரிய ஆடி, குழாயின் வாய்ப்பக்கம் இருக்கும் சின்ன ஆடி இரண்டின் நேர்கோட்டையும் சரிபார்க்க வேண்டும்.

பூஞ்சைக்குக் காரணம் ஈரத்தோடு மூடி போடுவது. பார்த்து முடித்ததும் உலரவிட்டு மூடுங்கள். மழைக்காலம் முழுக்கப் பெரிய பிளாஸ்டிக் உறையில் சிலிக்கா ஜெல்லோடு கட்டி வையுங்கள். நீல மணி இளஞ்சிவப்பானால் வாணலியில் லேசாகச் சூடாக்கித் திரும்பப் போடலாம், சமையலுக்கு எடுக்காத வாணலியாக இருக்கட்டும்.

மற்றபடி வாங்கலாம். விலை பேசும்போது மட்டும் அந்தத் தூசியைக் கட்டாயம் சுட்டிக் காட்டுங்கள்.