ஸ்காஃபெல் பைக்கும் கடற்கரையும் – கடிதம், பதில்

வணக்கம் ஐயா,

நான் இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியில் வேலை பார்க்கிறேன். அக்டோபர் கடைசி வாரப் பள்ளி விடுமுறையில் நானும் என் நண்பரும் என் பதினோரு வயது மகளும் கம்ப்ரியாவின் ஏரி மாவட்டத்துக்கு மூன்று நாள் நடைப்பயணம் போகிறோம். கார் இருக்கிறது. முதல் நாள் இங்கிலாந்தின் மிக உயர்ந்த மலையான ஸ்காஃபெல் பைக், இரண்டாம் நாள் அதே மாவட்டத்தின் இன்னொரு மலையான ஹெல்வெலின், மூன்றாம் நாள் நேரம் மிஞ்சினால் கடற்கரை என்று திட்டம். மேற்குத் தொடர்ச்சி மலையில் 2,600 மீட்டர் வரை ஏறியவர்கள் நாங்கள். 978 மீட்டர் எங்களுக்கு ஒரு பொருட்டல்ல என்றே நினைக்கிறேன். ஓர் இரவு ஏரிக்கரையில் கூடாரம் அடிக்கலாமா? மோர்கம் விரிகுடாவில் கடல் உள்வாங்கும்போது மணல்வெளியின் குறுக்கே நடந்து போகலாம் என்கிறார்களே, அதையும் சேர்த்துக்கொள்ளலாமா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் திட்டத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள். கடற்கரைக்கு முதல் நாளைக் கொடுங்கள். ஸ்காஃபெல் பைக் மூன்றாம் நாள், அதுவும் வானிலை இடம் கொடுத்தால் மட்டும். ஹெல்வெலினை இந்த முறை விட்டுவிடுங்கள்.

ஏரி மாவட்டத்துக்குப் போகிறவர்களில் பலரும் கிழக்குப் பக்கத்து நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி விண்டர்மியர் வழியாக உள்ளே நுழைகிறார்கள். படகுத்துறை, தேநீர்க் கடை, கூட்டம் எல்லாம் அங்கேதான். மேற்கே ஐரிஷ் கடல் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டுத் திரும்புகிறவர்கள் உண்டு. அந்த நிலத்தை நனைப்பதே அந்தக் கடல்தான். மேற்கிலிருந்து ஈரத்தைச் சுமந்துவரும் காற்று, கரையைத் தொட்ட இருபது கிலோமீட்டருக்குள் 900 மீட்டர் உயர மலைகளில் முட்டி மேலெழும்புகிறது. கடற்கரையில் தூறலாக இருப்பது மலையடிவாரத்தில் கொட்டும் மழையாகிவிடும். பாரோடேல் பள்ளத்தாக்கின் சீத்வெய்ட்டில் ஆண்டுக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர் பெய்கிறது. இங்கிலாந்தில் மக்கள் குடியிருக்கும் இடங்களில் அதைவிட மழை மிகுந்தது வேறில்லை என்பார்கள். அதற்குப் பக்கத்திலுள்ள ஹானிஸ்டர் கணவாயில் 2015 டிசம்பர் 5-ஆம் தேதி முடிந்த 24 மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர் பெய்தது. 24 மணி நேர மழைக்கு பிரிட்டனில் பதிவான உச்சம் அது.

இந்த மழையெல்லாம் எந்த வழியாகத் திரும்புகிறது என்று வரைபடத்தில் விரலை வைத்துப் பாருங்கள். ஸ்காஃபெல் பைக்கின் மேற்குச் சரிவில் விழுவது வாஸ்ட் வாட்டர் ஏரிக்குள் இறங்கி, இர்ட் ஆறாக வெளியேறுகிறது. கிழக்குச் சரிவில் விழுவது எஸ்க் ஆறாகி வேறொரு பள்ளத்தாக்கில் ஓடுகிறது. இரண்டும், நடுவில் மைட் என்ற சிற்றாறும், ராவன்கிளாஸ் என்ற சிற்றூரின் கழிமுகத்தில் ஒன்றுசேர்ந்து கடலில் கலக்கின்றன. ஏரி மாவட்டத் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் கடலோரத்தில் இருக்கும் ஒரே ஊர் அது. மலைக்கு ஒரு நாள், கடலுக்கு மிச்ச நேரம் என்று நீங்கள் பிரித்து வைத்திருப்பது ஒரே தண்ணீர் போய்வரும் வழியை. கீழிருந்து மேலே நடந்தால் அது காலுக்கே விளங்கும்.

முதல் நாள் செயின்ட் பீஸ் ஊரில் காரை நிறுத்திவிட்டு, செம்மணற்கல் பாறை முகட்டின் மேலாக வடக்கே ஒயிட்ஹேவன் வரை நடங்கள். பதினொரு கிலோமீட்டர் போல வரும். இரண்டு ஊர்களிலும் ரயில் நிலையம் இருப்பதால் திரும்பி நடக்க வேண்டியதில்லை. முகட்டின் உயரம் 90 மீட்டரை ஒட்டித்தான், ஆனால் அந்தத் தொண்ணூறும் செங்குத்தாகக் கடலுக்கு இறங்குகிறது. பாதை சில இடங்களில் விளிம்பை ஒட்டிப் போகும். காற்று பலமாக இருந்தால் மகளை நிலத்துப் பக்கமாக நடக்கவையுங்கள். இங்கிலாந்தில் கருங்கில்லமாட் பறவை கூடுகட்டும் ஒரே இடம் இந்தப் பாறைகள்தான். அக்டோபரில் பாறைகள் காலியாக இருக்கும், கூடுகட்டும் பருவம் முடிந்து பறவைகள் கடலுக்குப் போயிருக்கும். பறவைகளுக்காகவென்றால் மே, ஜூனில் இன்னொரு முறை போகவேண்டும். மலைநடை வழிகாட்டி நூல்கள் எழுதிய ஆல்ஃபிரட் வெயின்ரைட் 1973-இல் வகுத்த, இங்கிலாந்தை மேற்குக் கடலிலிருந்து கிழக்குக் கடல்வரை குறுக்கே கடக்கும் சுமார் 300 கிலோமீட்டர் நடைவழி தொடங்குவதும் செயின்ட் பீஸ் கடற்கரையில்தான். புறப்படுகிறவர்கள் பூட்ஸைக் கடலில் நனைத்து, ஒரு கூழாங்கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார்கள். உங்கள் மகளுக்கு இந்த வழக்கம் பிடிக்கும்.

முகட்டிலிருந்து தெற்கே பார்த்தால் செல்லாஃபீல்டு அணு வளாகம் தெரியும். 1956-இல் கால்டர் ஹால் அணுமின் நிலையம் திறக்கப்பட்டதும், 1957-இல் விண்ட்ஸ்கேல் அணு உலை தீப்பிடித்ததும் அங்கேதான். படம் எடுக்கிறவர்கள் அதைச் சட்டத்துக்குள் விழாமல் வெட்டிவிடுவார்கள். எனக்கு அந்த நாசூக்கு பிடிப்பதில்லை. இந்தக் கடற்கரை உழைத்துப் பிழைத்த கடற்கரை. ஒயிட்ஹேவனில் கடலுக்கு அடியிலேயே சுரங்கம் வெட்டி நிலக்கரி எடுத்தார்கள். அதையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

இரண்டாம் நாள் ராவன்கிளாஸ். கழிமுகத்தைப் பார்த்துவிட்டு, ஊருக்கு வெளியே மரங்களுக்கிடையில் ஏறக்குறைய நான்கு மீட்டர் உயரச் சுவர்களோடு நிற்கும் ரோமானியர் குளியலகத்தைப் பாருங்கள். ரோமானியர்கள் இங்கே துறைமுகம் வைத்து, எஸ்க்டேல் பள்ளத்தாக்கு வழியாக மேலேறி, ஹார்ட்நாட் கணவாயருகே கோட்டை கட்டி, அப்பால் ஆம்பிள்சைடு வரை சாலை போட்டார்கள். (கார் இருக்கிறதே என்று அந்தக் கணவாய்ச் சாலையில் ஏறிவிடாதீர்கள். மூன்றடிக்கு ஓரடி ஏறும் சரிவுகள் அதில் உண்டு, எதிரே வண்டி வந்தால் பின்னோக்கி இறங்கவேண்டியிருக்கும்.) குளியலகத்தைத் தாண்டியதும் மன்காஸ்டர் குன்று. 231 மீட்டர்தான். உச்சியில் நின்றால் ஒரு பக்கம் மூன்று ஆறுகளும் கடலும், மறு பக்கம் ஸ்காஃபெல் மலைகள். இந்த மாவட்டத்தை ஒரே பார்வையில் விளக்கும் இடம் இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. குன்றின் முதுகில் சதுப்பு நிறைய, கணுக்கால்வரை புதையும். எஸ்க்டேல் பக்கம் இறங்கி, 1875-இல் இரும்புத்தாதுவுக்காகப் போடப்பட்டு இப்போது பயணிகளுக்காக ஓடும் குறும்பாதை ரயிலில் ராவன்கிளாஸ் திரும்பலாம். இலையுதிர் காலத்தில் நேர அட்டவணை மாறும், முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி மூன்றாம் நாள், ஸ்காஃபெல் பைக்கின் 978 மீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலையில் நீங்கள் ஏறிய 2,600 மீட்டரில் ஜீப்போ பஸ்ஸோ ஏறியது எவ்வளவு, உங்கள் கால் ஏறியது எவ்வளவு? ஏற்றம் தொடங்கும் சிற்றூரான வாஸ்டேல் ஹெட் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 80 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து உச்சிவரை 900 மீட்டரும் காலால்தான். 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. நாலரைக் கிலோமீட்டர் பாதைக்கும் 900 மீட்டர் ஏற்றத்துக்கும் சேர்த்து, எங்கும் நிற்காமல் ஏறினால் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். சிறுமியோடு, ஈரக் கல்லில், குனிந்து மூச்சு வாங்கி என்றால் நாலு மணி வைத்துக்கொள்ளுங்கள். இறங்க மூன்று. அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அதற்குப் பிறகு மாலை ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடும். காலை எட்டு மணிக்கு நடக்கத் தொடங்கவில்லையென்றால் ஏறவே வேண்டாம்.

உச்சிப் பகுதி முழுக்கப் பாறைக் குவியல். அங்கே பாதை என்று தேய்ந்த தடம் இருக்காது, அடுக்கிவைத்த கற்குவியல்கள்தான் வழிகாட்டி. மேகம் இறங்கினால் அடுத்த குவியல் தெரியாது. இறங்கும்போது வழி தவறுகிறவர்கள் பியர்ஸ் கில் என்ற ஆழமான பாறைப் பிளவுக்குள் போய்ச் சிக்கிக்கொள்வது அடிக்கடி நடப்பது. கைப்பேசி வரைபடம் போதும் என்று நினைக்காதீர்கள். குளிரில் மின்கலம் வேகமாக இறங்கும், ஈரவிரலுக்குத் திரை கேட்காது. காகித வரைபடம், திசைகாட்டி, ஆளுக்கொரு தலைவிளக்கு, ஒரு விசில். ஆபத்தென்றால் நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதவேண்டும். சிக்னல் இருந்தால் 999-ஐ அழைத்துப் போலீஸைக் கேட்டு, பிறகு மலை மீட்புக் குழுவைக் கேளுங்கள். வருகிறவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். வேலையை, சாப்பாட்டை விட்டுவிட்டு வருவார்கள். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் உலராது. தொடர்மழைக்கு மறுநாள் லிங்மெல் ஓடை பெருகியிருந்தால் கடக்க முயலாமல் திரும்பிவிடுங்கள். வாஸ்ட் வாட்டரின் வடகரையில் நடப்பதே அன்றைக்குப் போதும். பனிப்பாளம் அகழ்ந்த அந்த ஏரியின் அடித்தளம் கடல்மட்டத்துக்கும் கீழே இருக்கிறது. எதிர்க்கரையில் கற்சரிவுக்கு அடியில் ஒரு பாதை வரைபடத்தில் சமதளமாகத் தெரியும். அதை நம்பாதீர்கள், ஏரி முடியும் பக்கத்தில் அது பாறைமேல் பாறையாகத் தாவவைக்கும்.

ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ், இங்கிலாந்தின் ஸ்காஃபெல் பைக், வேல்ஸின் ஸ்னோடன் மூன்றையும் 24 மணி நேரத்தில் ஏறும் பந்தயக்காரர்கள் நடுராத்திரியில் விளக்கோடு வாஸ்டேல் ஹெட்டுக்கு வந்து இறங்குவார்கள். என்னைக் கேட்டால் அது கார் ஓட்டும் சாதனை. அந்த உச்சி, முதல் உலகப் போரில் இறந்த அந்த மாவட்டத்து ஆட்களின் நினைவாக 1919-இல் நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அறக்கட்டளைக்குக் கொடுக்கப்பட்டது. அதைச் சொல்லும் கல்வெட்டு உச்சி மேடையிலேயே இருக்கிறது. நின்று படிக்கக்கூடிய அளவு நேரத்தோடு போங்கள்.

கூடாரம்: ஏரிக்கரையில் கூடாது. இங்கிலாந்தில் நிலவுடைமையாளர் அனுமதியில்லாமல் திறந்தவெளியில் கூடாரமடித்துத் தங்கும் உரிமை பொதுவாக இல்லை. தென்மேற்கிலுள்ள டார்ட்மூர் மேட்டுநிலம் விதிவிலக்கு, 2025-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஏரி மாவட்டத்தில் கடைசி வேலிச்சுவருக்கு மேலே, ஓர் இரவு, நெருப்பு மூட்டாமல், தடயம் விடாமல் தங்குகிறவர்களைக் கண்டும் காணாமல் விடுவார்கள், அவ்வளவுதான். அக்டோபரில் சிறுமியோடு அதையும் நான் செய்யமாட்டேன். பணம் கட்டித் தங்கும் கூடார இடங்கள் பள்ளத்தாக்குகளில் உண்டு.

மோர்கம் விரிகுடா: வழிகாட்டி இல்லாமல் ஓரடிகூட வைக்காதீர்கள். அங்கே ஓதத்தின் ஏற்ற இறக்கம் பத்து மீட்டர்வரை போகும். ஆற்று வாய்க்கால்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும், நேற்று கெட்டியாக இருந்த மணல் இன்று புதைமணலாக இருக்கும். 2004 பிப்ரவரியில் சிப்பி பொறுக்கச் சென்ற சீனத் தொழிலாளர்கள் குறைந்தது 21 பேர் ஒரே இரவில் அங்கே மூழ்கி இறந்தார்கள். பதினாறாம் நூற்றாண்டிலிருந்தே அரசரின் பேரில் மணல் வழிகாட்டி ஒருவர் நியமிக்கப்பட்டுவருகிறார். நடத்திக் கூட்டிப்போகும் நாட்கள் பெரும்பாலும் கோடைகாலத்தில்தான். இதே எச்சரிக்கை ராவன்கிளாஸ் கழிமுகத்துக்கும் பொருந்தும். எதிர்க்கரை பக்கத்தில்தானே தெரிகிறது என்று ஆற்றில் இறங்காதீர்கள். தெற்கே எஸ்க்மீல்ஸில் ராணுவ ஆயுதச் சோதனைத் தளம் இருக்கிறது. சிவப்புக் கொடி பறந்தால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

பதினோரு வயதுக்கு முதல் இரண்டு நாளும் தாராளமாகப் போதும். மூன்றாம் நாள் காலையில் மேகம் மலைத்தோளுக்குக் கீழே இறங்கியிருந்தால் ஏறுவதா வேண்டாமா என்று அவளிடம் வாக்கெடுப்பு நடத்தாதீர்கள். நீங்களே வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். செயின்ட் பீஸிலிருந்து ஒயிட்ஹேவன் போகும் நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் ரயில்கள் குறைவு. ஒயிட்ஹேவனிலிருந்து திரும்பும் ரயிலின் நேரத்தைக் குறித்துக்கொண்டு பிறகு நடக்கத் தொடங்குங்கள்.

அன்புடன்.