பெட்டியைப் பிரிக்காத அம்மா

கேள்வி: அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஏழு மாதம் ஆகிறது. தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம் எங்கள் ஊரில் அடக்கம் செய்தோம். வேதம் வாசித்தால் எதுவும் மனதில் ஒட்டவில்லை, ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. பிரசங்கத்தில் 'உயிர்த்தெழுதலின் நம்பிக்கை' என்று கேட்டாலே எழுந்து வெளியே போய்விடலாம் போலிருக்கிறது. அம்மாவை அண்ணன், நான், தம்பி மூவரும் ஆளுக்கு இரண்டு மாதம் என்று வைத்து நன்றாகத்தான் கவனிக்கிறோம். அம்மாவோ எதற்கெடுத்தாலும் அழுகிறார். எங்கள் வீட்டுக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது, இன்னும் பெட்டியிலிருந்து துணியை எடுத்து பீரோவில் வைக்கவில்லை. 'அழாதீங்கம்மா, அப்பா பரலோகத்துல சந்தோஷமா இருக்காங்க' என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஊர் வீட்டை விற்கவும் பேசிக்கொண்டிருக்கிறோம். எங்களுக்கு ஆறுதல் தரும் வசனங்களைச் சொல்லுங்கள்.
- ஒரு வாசகர், சென்னை

பதில்: வசனம் பிறகு. முதலில் அந்தப் பெட்டி.

அம்மாவின் பிடிவாதத்துக்குச் சாட்சி சொல்வதுபோல அதை எழுதியிருக்கிறீர்கள். எதற்காகப் பிரிப்பார்? இன்னும் இரண்டு வாரத்தில் அடுத்த வீட்டுக்குக் கட்ட வேண்டிய பெட்டிதானே! வயலுக்கு முறைத் தண்ணீர் திருப்புவதுபோலப் பெற்ற தாயை வாசல் வாசலாகத் திருப்பிக்கொண்டு, 'நன்றாகக் கவனிக்கிறோம்' என்கிறீர்கள். நீங்கள் பறிகொடுத்தது அப்பாவை. அவர் பறிகொடுத்தது கணவரை, தன் அடுக்களையை, கோவிலில் தான் உட்காரும் இடத்தை, பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தோழிகளை, நினைத்தால் கல்லறைத் தோட்டம் வரை நடந்துவிட்டு வரும் வசதியை. இத்தனையும் ஒரே வீச்சில் போன ஒருவர் அழாமல் என்ன செய்வார்?

சிலுவையில் மூச்சு முட்டிக்கொண்டிருந்த நேரத்திலும் இயேசு தம் தாய்க்குத் தம் சீஷன் ஒருவனின் வீட்டை ஏற்பாடு செய்தார். 'அந்நேரமுதல்' அந்தச் சீஷன் அவரைத் தன்னிடமாய் ஏற்றுக்கொண்டான் என்கிறது யோவான் 19:27. யூதாஸ் போக மீதி பதினொரு பேர் இருந்தார்கள். ஆளுக்கு ஒரு மாதம் என்று முறை போட்டிருக்கலாம். போடவில்லை.

அடுத்தது அந்த 'அழாதீங்கம்மா'. நாயீன் ஊர் விதவையிடம் ஆண்டவரும் 'அழாதே' என்றுதான் சொன்னார் (லூக்கா 7:13). சொன்ன கையோடு பாடையைத் தொட்டு, மகனை எழுப்பி, தாயிடம் ஒப்புவித்தார். அந்த அதிகாரம் உங்களிடம் இருந்தால் நீங்களும் சொல்லலாம். இல்லையென்றால் பக்கத்தில் உட்காருங்கள், அது போதும்.

யோவான் 11-ஐ அவசரமில்லாமல் வாசியுங்கள். சகோதரன் லாசருவைப் பறிகொடுத்த மார்த்தாளும் மரியாளும் இயேசுவிடம் சொல்வது ஒரே வாக்கியம்: ஆண்டவரே, நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான் (21, 32). மார்த்தாளுக்கு அவர் பதில் பேசுகிறார்: நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன். மரியாளுக்கு அப்படி ஒரு விளக்கமும் இல்லை. அவள் அழுவதைப் பார்த்துக் கலங்குகிறார், கண்ணீர் விடுகிறார். இன்னும் சற்று நேரத்தில் லாசருவை வெளியே கூப்பிடப்போகிறவர் அவர். அப்படியிருந்தும் அழுதார். நீங்களோ மரியாளைப் போல உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு மார்த்தாளுக்கான பதிலை ஏழு மாதமாக ஒப்பித்துக்கொண்டிருக்கிறீர்கள், அதிலும் பாதியை விட்டுவிட்டு. நம் விசுவாசப் பிரமாணம் 'பரலோகத்தில் சந்தோஷமாக இருக்கிறார்' என்பதோடு நிற்பதில்லை. 'சரீரம் உயிர்த்தெழுதலும்' என்று வாராவாரம் சொல்கிறோம். உங்கள் அப்பாவின் உடல் அந்த மண்ணில் விதைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் 1 கொரிந்தியர் 15-இன் பேச்சு. கல்லறைக்குப் போகவேண்டும் என்று அம்மா கேட்டால் அதை விசுவாசக் குறைவு என்று யாரும் சொல்ல வேண்டாம். மரணத்தைச் 'சத்துரு' என்று அதே அதிகாரம் 26-ஆம் வசனம் சொல்கிறது. சத்துரு அடித்தால் வலிக்கும்.

உங்களுக்கு ஜெபம் வராததைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். வார்த்தை இல்லாதபோது சங்கீதத்தின் வார்த்தையை எடுத்துக்கொள்ளலாம். 88-ஆம் சங்கீதத்தில் 18 வசனங்கள், கடைசி வரி வரை விடியவே விடியாது. அதை வேதத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதே ஒரு ஆறுதல். அதை அம்மாவும் நீங்களும் சேர்ந்து சத்தமாக வாசியுங்கள். உங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தை நடத்தியவர் அப்பா என்றால், அவரோடு அது நின்றுபோயிருக்கும் என்பது என் ஊகம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம் மறுபடி தொடங்குங்கள். பாமாலையிலோ கீர்த்தனையிலோ எந்தப் பாட்டு என்று அம்மா சொல்லட்டும். ஒரு சின்னப் பகுதி வாசிப்பு, அப்பாவுக்காக அவர் பெயரைச் சொல்லி ஒரு ஸ்தோத்திரம், கர்த்தருடைய ஜெபம். பிரசங்கம் வேண்டாம். அம்மா பாதிப் பாட்டில் உடைந்துபோனால் நிறுத்திவிட்டுக் காத்திருங்கள், டிவி பக்கம் திரும்பாதீர்கள். 1 தெசலோனிக்கேயர் 4 உயிர்த்தெழுதலைப் பேசி முடித்ததும் 'ஒருவரையொருவர் தேற்றுங்கள்' என்கிறது. தனியாக அறையில் உட்கார்ந்து வசனத்தைப் புரட்டினால் ஆறுதல் கிடைக்கும் என்று அங்கே சொல்லவில்லை.

இனி வீடு. அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால், கிறிஸ்தவர்களுக்கான இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன்படி அவர் பெயரிலிருந்த சொத்தில் மூன்றில் ஒரு பங்கு அம்மாவுக்கு. மீதியைத்தான் பிள்ளைகள் சமமாகப் பிரிக்க வேண்டும். மூன்றே பிள்ளைகள் என்றால் ஆளுக்கு ஒன்பதில் இரண்டு. பெண் பிள்ளை இருந்தால் அவளுக்கும் அதே அளவு. ஆக அந்த வீட்டில் மிகப் பெரிய பங்கு அம்மாவுடையது. அவர் கையெழுத்து இல்லாமல் முழு வீட்டையும் விற்க முடியாது. 'இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா' என்று அழுதுகொண்டிருக்கும் நேரத்தில் வாங்கிவிடலாம் என்று யாராவது நினைத்திருந்தால், அது அசிங்கம். குறைந்தது ஒரு வருடத்துக்கு விற்பனைப் பேச்சே கூடாது. புரோக்கரிடம் நாளைக்கே சொல்லிவிடுங்கள்.

பிறகு அம்மாவிடம் கேளுங்கள்: எங்கே இருக்க ஆசை? தனியாக இருக்கும்போது கேளுங்கள், மருமகள்கள் முன்னால் கேட்டால் 'எங்கயும் சரிதான்' என்பார். அதையே பதிலாக எடுத்துக்கொண்டு ஓடிவிடாதீர்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். ஊர்தான் என்றால், ராத்திரித் துணைக்கு நம்பிக்கையான ஒரு பெண், குளியலறையில் கைப்பிடி, படுக்கையிலிருந்து அங்கே போகும் வழியில் விளக்கு, மாதம் ஒருமுறை பிள்ளைகளில் ஒருவர் நேரில். உங்களில் ஒருவர் வீடுதான் என்றால், அது ஒரே வீடு, அவருக்கென்று ஒரு கட்டில், ஒரு பீரோ, சாவி அவர் இடுப்பில். ஊர் குருவானவரிடம் கடிதம் வாங்கி அவருடைய சபை அங்கத்துவத்தை அங்கே மாற்றுங்கள், சந்தாவை அவர் கையாலேயே கட்டட்டும். மூன்று கோவிலில் விருந்தாளியாக இருப்பவருக்கு நற்கருணைக்குப் போகும்போது பக்கத்தில் நிற்பவர் பெயர்கூடத் தெரியாது. அப்பா பென்ஷன் வாங்கியவர் என்றால் குடும்ப ஓய்வூதியம் அம்மாவின் சொந்தக் கணக்குக்கு வரவேண்டும், ஏடிஎம் கார்டும் அவரிடமே.

வீடு மாறும்போதெல்லாம் டாக்டரும் மாறினால் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் குழம்பும். ஒரே மருத்துவர், ஒரே ஃபைல். ஏழு மாதத்தில் அழுகை வருவது நோயல்ல. ஆனால் சாப்பாடு இறங்காமல் எடை குறைந்தால், தூக்கமே இல்லையென்றால், 'என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்' என்பது 'நான் போயிடுறேன்' என்று மாறினால், ஜெபத்தோடு மருத்துவமும் உடனே வேண்டும். அரசின் 14416 எண்ணில் மனநல ஆலோசனை இலவசம்.

அண்ணன், தம்பியோடு இதைப் பேசும்போது மூன்று மருமகள்களும் கூட உட்காரட்டும். பொங்கிப் போடுவதும் மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் அவர்கள்தானே. அம்மாவை வைத்துக்கொள்ளும் வீட்டுக்கு மற்ற இருவரும் மாதம் எவ்வளவு அனுப்புவது, அந்த மருமகள் தாய்வீட்டுக்குப் போகும் வாரங்களில் யார் வந்து இருப்பது என்று அன்றைக்கே பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குக் கேட்கும்படி சத்தம் போட்டுப் பேச வேண்டாம்.