எச்1பி விசாவில் இருந்துகொண்டு ஜப்பான் ராணுவக் கைத்துப்பாக்கி வாங்கலாமா?

கேள்வி: டெக்சாஸில் எச்1பி விசாவில் ஐடி வேலை பார்க்கிறேன். ஜப்பான்காரர்கள் மலேயாவைப் பிடித்தபோது தாத்தா அங்கே தோட்டத்தில் இருந்தார். அவர் கதைகளைக் கேட்டு வளர்ந்ததால் அந்தக் காலத்துக் கைத்துப்பாக்கிகளைச் சேகரிக்க ஆசை. துப்பாக்கிக் கண்காட்சியில் ஒருவர் 'நம்பு' 14-ஆம் ரக ஜப்பான் ராணுவக் கைத்துப்பாக்கி ஒன்றை விற்கிறார். "ஆன்ட்டிக்தான், பேப்பர் எதுவும் வேண்டாம்" என்கிறார். படம் அனுப்பியிருக்கிறேன். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் போனால் போகட்டும்.

நீங்கள் அனுப்பிய படத்தில் வலப்பக்கம், கைப்பிடிக்கு மேலே "16.8" என்று பொறித்திருக்கிறது. ஜப்பான் மன்னர் ஆட்சியை வைத்து எண்ணும் ஷோவா ஆண்டு 16, எட்டாம் மாதம். ஷோவா ஆண்டோடு 1925-ஐக் கூட்டினால் 1941 ஆகஸ்ட். அமெரிக்க மத்தியச் சட்டப்படி ஆன்ட்டிக் என்பது 1898-லோ அதற்கு முன்போ செய்தது. இந்த ரகம் ராணுவத்துக்கு வந்ததே 1925-ல்தான். 50 வயது தாண்டியதால் 'கியூரியோ' (சேகரிப்பாளர்களுக்கான பழம்பொருள்) வகையில் வரும். அதற்காக, ஆன்ட்டிக் போலச் சட்டப்படி துப்பாக்கி இல்லை என்று ஆகிவிடாது.

டெக்சாஸில் தனிநபர் விற்றால் பின்னணிச் சோதனை கட்டாயமில்லை. அவர் சொன்னதில் உண்மை அவ்வளவுதான். உங்களுக்கு இடைஞ்சல் உங்கள் விசா. தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்கிறது மத்தியத் துப்பாக்கிச் சட்டத்தின் 922(ஜி)(5)(பி) பிரிவு. 2022 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை 15 ஆண்டு வரை. அதோடு நாடுகடத்தலும் வரும். எத்தனை வருஷமாக கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறீர்களோ, அத்தனையும் வீண்.

நண்பர் பெயரில் வாங்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். உங்களுக்காக அவர் வாங்கினால் அவருக்கும் 15 ஆண்டு வரை சிறை. உங்கள் அலமாரியில் இருந்தால் அது உங்கள் கைவசம் இருப்பதாகத்தான் கணக்கு.

சரி, விதிவிலக்கே இல்லையா? இருக்கிறது. அமெரிக்காவில் முறைப்படி வாங்கிய, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் உங்களிடம் இருந்தால் இந்தத் தடை பொருந்தாது. ஆனால் அதைப் புதுப்பிக்க மறந்த மறுநாளே வீட்டில் இருக்கும் துப்பாக்கி குற்றமாகிவிடும். ஒரு தேதியை நம்பி உங்கள் மனைவி, பிள்ளைகளின் வாழ்க்கையை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிரீன் கார்டு கைக்கு வரட்டும், அப்புறம் லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடம் முறையாக வாங்குங்கள்.

ஊருக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் அதையும் விடுங்கள்; இந்திய ஆயுதச் சட்டப்படி இறக்குமதிக்குத் தனி உரிமம் வேண்டும்.

அதுவரை இந்தக் கைத்துப்பாக்கியை வைக்கும் உறையைச் சேகரியுங்கள். சிப்பி போல் மூடும் அந்தத் தோல் உறைக்கு இந்தத் தடை கிடையாது. ஒன்று மட்டும்: உறையின் முன்னால் தோட்டா வைக்கும் சின்னப் பை இருக்கும். பணம் கொடுக்கும் முன் அதற்குள் விரலை விட்டுப் பாருங்கள். மறந்துபோன ஒரு 8 மில்லிமீட்டர் தோட்டா அதில் கிடந்தால், எடுத்து விற்பவர் மேசையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.