கரண்ட் இல்லாத காட்டில் படம் கழுவ முடியுமா?

"ஃபே ஷுல்மன் நாஜிகளை எதிர்த்துக் காட்டில் இருந்தபடியே நூறு படம் எடுத்துக் கழுவினாராம். கரண்ட் ஏது? கட்டுக்கதைதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஃபிலிம் ரோலைத் தொட்டிராத தலைமுறை போல. கரண்ட் வேண்டியது படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜருக்கு. கழுவுவதற்கு இருட்டு, தண்ணீர், உருவத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் மருந்து, அதை நிலைக்கவைக்கும் ஹைப்போ உப்புக் கரைசல் போதும்.

அவர் அன்றைய கிழக்குப் போலந்தின் லெனின் என்ற சிற்றூர்க்காரர், தொழிலே போட்டோ. (ஊர்ப் பெயருக்கும் ரஷ்யத் தலைவருக்கும் சம்பந்தமில்லை.) 1942 ஆகஸ்ட் 14 அன்று அங்கிருந்த 1,850 யூதர்களை ஜெர்மானியர் கொன்றார்கள். படம் கழுவ ஆள் வேண்டுமென்று இவரை விட்டுவைத்தார்கள். கழுவக் கொடுத்த படத்திலேயே குழிக்குள் கிடந்தது அவர் குடும்பம். தனக்கும் ஒரு பிரதி போட்டுக்கொண்டார். பிறகு காட்டில் மறைந்திருந்து நாஜிகளோடு போரிட்ட சோவியத் கெரில்லாக்களின் மோலோட்டவா படையணியில் சேர்ந்தார். அங்கே ஒரு கால்நடை மருத்துவர்தான் டாக்டர், இவர் நர்ஸ். சொந்த ஊரைத் தாக்கப் போனபோதுதான் கேமரா திரும்பக் கிடைத்தது.

இனி உங்கள் சந்தேகம். ஃபிலிமைப் போர்வைக்குள் புகுந்து கழுவினார். போர்வையில் ஒளி கசிந்தால் நெகட்டிவ் (கறுப்பு வெள்ளை தலைகீழாக விழும் ஃபிலிம்) மூட்டம் போட்டுவிடும், அதனால் ராத்திரிதான் தோது. டெவலப்பர் 20 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒழுங்காக வேலை செய்யும். குளிரக் குளிர மந்தமாகும், நேரத்தைக் கூட்டவேண்டும். பிரிண்டுக்கு வெயில்! நெகட்டிவைப் பேப்பரோடு ஒட்டவைத்துச் சூரியனுக்குக் காட்டினார். நெகட்டிவ் என்ன அளவோ பிரிண்டும் அதே அளவு. இடையில் கொஞ்சம் இடைவெளி விழுந்தாலும் உருவம் கலங்கும். வெயில் பிரிண்டை ஹைப்போவில் போட்டதும் வெளுக்கும், ஆகவே வேண்டியதைவிடக் கறுக்க விடவேண்டும். ஹைப்போவே போடாவிட்டால் வெளிச்சம் பட்டுப் படமே கறுத்துவிடும்.

கேமராவையும் முக்காலியையும் மண்ணில் புதைத்துக் காத்ததை நம்ப மறுப்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இணையத்தில் இவர் படங்களைப் பெயர் போடாமல், "ரஷ்ய வீரர்கள்" என்று பகிர்கிறார்களே, அதுதான் எரிச்சல்.

1948-இல் கணவரோடு கனடா போனார். தையல் ஆலையில் வேலை, பிறகு போட்டோக்களுக்குக் கையால் வண்ணம் தீட்டுவது. 2021-இல் டொரான்டோவில் இறந்தார். ஹைப்போவை ஒழுங்காக அலசாமல் விட்டிருந்தால் அந்தப் படங்கள் எப்போதோ மஞ்சளடித்து மங்கியிருக்கும்.