முதுகுக் கொம்பும் கால்கட்டும்

அன்புள்ள அண்ணா,

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு ஃபார்வர்டு வந்துது. பழைய காலத்து ஐரோப்பாக்காரங்க வரைஞ்ச, செஞ்சு வெச்ச மிருகங்கள். நத்தையோட வாள்சண்டை போடற வீரன், ஸ்வீடன்ல நாக்கைத் தொங்கவிட்டுக்கிட்டு முழிக்கிற ஒரு பாடம் பண்ணின சிங்கம், இரும்புச் சட்டை மாட்டின காண்டாமிருகம். சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுப் போச்சு. இவங்களுக்கு நிஜமாவே வரையத் தெரியாதா, இல்ல அறிவே அவ்ளோதானா? அந்தக் காண்டாமிருகத்துக்கு முதுகுல ஒரு கொம்பு எக்ஸ்ட்ராவா இருக்கு, அதை வரைஞ்சவர் பெரிய மேதைன்னு வேற போட்டிருக்கான். முழுக்க கற்பனை. இன்னிக்கு ஏஐகிட்ட சொன்னா ஒரே செகண்ட்ல சரியா போட்டுக் குடுத்துடுது. அப்புறம் ஒண்ணு, அடுத்த மாசம் ஆபீஸ் வேலையா லிஸ்பன் போறேன். ஒரே ஒரு ஞாயித்துக்கிழமைதான் ஃப்ரீ. பாக்கற மாதிரி ஒரு இடம் சொல்லுங்களேன். (பேர் போட வேண்டாம்.)

---

தம்பி,

பேர் போடல. போட்டிருந்தா உங்களுக்குத்தான் வெக்கமா இருந்திருக்கும்.

அந்தக் காண்டாமிருகப் படத்தோட ஒரு பிரின்ட் அவுட் ரெண்டு மாசமா என் மேஜை மேலதான் கிடக்கு. டீ டம்ளர் வெச்ச வட்டம் கூட அதுல ஒண்ணு இருக்கு. அதனாலதான் உங்களுக்கு உக்காந்து பதில் எழுதறேன், இல்லேன்னா "நன்றி, மகிழ்ச்சி"ன்னு போட்டுட்டுப் போயிருப்பேன்.

ஏஐ விஷயத்தை விட்டுடுவோம், அதைப் பத்திப் பேச ஊர்ல ஆள் நிறைய இருக்கு. நத்தையையும் விட்டுடலாம். அது பதிமூணு பதினாலாம் நூற்றாண்டுக் கைப்பிரதிகளோட ஓரத்துல வேணும்னே வரைஞ்ச விளையாட்டு, அந்த நத்தையோட ஓட்டுல இருக்கற சுழியைப் பாத்தீங்கன்னாலே வரையத் தெரிஞ்ச கைன்னு புரிஞ்சுடும். ஸ்வீடன் சிங்கம், க்ரிப்ஸ்ஹோம் கோட்டைல இருக்கறது, அது 1731ல அல்ஜியர்ஸ் பே, அதாவது அந்த ஊர் ஆட்சியாளர், முதலாம் ஃப்ரெடெரிக் ராஜாவுக்கு அனுப்பின உயிருள்ள சிங்கம். அது செத்து ரொம்ப நாள் கழிச்சு வெறும் தோலையும் எலும்பையும் ஒருத்தர்கிட்ட குடுத்து சிங்கமா பண்ணிக் குடுன்னா அவர் என்ன பண்ணுவார்? லண்டன் ஹார்னிமன் மியூசியத்துல ஒரு வால்ரஸ் இருக்கு. ஹட்சன் வளைகுடாலேருந்து வந்த தோல். வால்ரஸுக்கு உடம்பெல்லாம் சுருக்கம் சுருக்கமா மடிஞ்சிருக்கும்னு பாடம் பண்ணினவருக்குத் தெரியாது, தோல் கொள்ற வரைக்கும் திணிச்சு திணிச்சு ஊதின பலூனாட்டம் ஆக்கி வெச்சுட்டார். சிரிங்க, நானும் சிரிப்பேன், தப்பில்ல. ஆனா அறிவே அவ்ளோதானான்னு கேட்டீங்க பாருங்க, அது எனக்குப் பிடிக்கல.

எங்க தாத்தா சைக்கிள் கடை வெச்சிருந்தார். பஞ்சர் ஒட்டற இடத்துல டியூப்ல சாக்பீஸால ஒரு வட்டம் போடுவார், காம்பஸ் வெச்சாப்ல இருக்கும். அவர் கை அப்படி. நான் மூணாங்கிளாஸ் படிக்கறப்ப நீர்யானை படம் வரைஞ்சுட்டு வாங்கன்னு ஹோம்வொர்க். வீட்ல யாரும் நீர்யானையைப் பாத்ததில்ல, புக்ல பேர் மட்டும்தான் இருக்கு, படம் இருக்கற பக்கத்தை எனக்கு முன்னாடி அந்த புக்கை வெச்சிருந்த பையன் கிழிச்சு வெச்சிருந்தான். தாத்தாகிட்ட போனேன். நீர்யானைன்னா தண்ணில இருக்கற யானைன்னாரு. எப்படித் தாத்தா மூச்சு விடும்னேன். தும்பிக்கை எதுக்குடா இருக்குன்னுட்டு கழுத்தளவு தண்ணில ஒரு யானை, தும்பிக்கை மட்டும் மேல தூக்கினாப்ல, எவ்ளோ அழகா போட்டுக் குடுத்தார் தெரியுமா. பின்னங்கால்ல ஒரு சங்கிலி. அந்தச் சங்கிலி தண்ணிக்குள்ளேருந்து வெளிய வந்து கரைல அடிச்சிருக்கற முளைல முடியும். எதுக்குத் தாத்தா சங்கிலின்னேன். "பின்ன? தண்ணியோட போயிடாதா?"

கிளாஸ்ல அதைத் தூக்கிக் காட்டி எல்லாரையும் சிரிக்க வெச்சாங்க. தும்பிக்கையைத்தான். சங்கிலியைப் பத்தி ஒருத்தர் கூட ஒண்ணும் சொல்லல.

இதை இங்கயே நிறுத்தி வெச்சுட்டு உங்க காண்டாமிருகத்துக்கு வரேன்.

1514ல போர்த்துகீசியரோட இந்திய கவர்னர் அல்புகெர்கி, டையூல கோட்டை கட்ட இடம் வேணும்னு குஜராத் சுல்தான் இரண்டாம் முசாஃபர் ஷாகிட்ட ஆள் அனுப்பிக் கேட்டார். சுல்தான் இடம் தர முடியாதுன்னுட்டு, மரியாதைக்கு சில பரிசுகள் குடுத்தனுப்பினார். அதுல ஒண்ணு காண்டாமிருகம். (நம்ம ஆளுங்க கல்யாணத்துக்குப் போக முடியலேன்னா சுவர்க்கடிகாரம் குடுத்தனுப்பற மாதிரி.) அல்புகெர்கி அதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவார், கோவாலேருந்து கப்பல் ஏத்தி ராஜா முதலாம் மானுவலுக்கு அனுப்பிட்டார். 1515 ஜனவரில கிளம்பி மே 20 லிஸ்பன் போய்ச் சேந்துது. கண்டான்னு கூப்பிட்டாங்க. அந்தப் பேரைச் சொல்லிப் பாருங்க, நம்ம காண்டாமிருகமே காதுல விழும். ரோமர் காலத்துக்கு அப்புறம் ஐரோப்பா உயிரோட ஒரு காண்டாமிருகத்தைப் பாத்தது அப்பதான்.

யானையும் காண்டாமிருகமும் ஜென்மப் பகைன்னு ரோமானிய நூல்கள்ல எழுதி வெச்சிருந்தாங்க. ராஜாவுக்கு அதைச் சோதிச்சுப் பாக்கணும்னு ஆசை. ஜூன் 3ஆம் தேதி ஒரு சின்ன யானையோட மோத விட்டாங்க. காண்டாமிருகம் சும்மா நாலடி முன்னாடி வந்துது, யானை ஓடிப் போச்சு. அவ்ளோதான் சண்டை.

லிஸ்பன்ல இருந்த அச்சுக்காரர் வாலெந்திம் ஃபெர்னாந்தெஸ், இதையெல்லாம் ஜெர்மனில நூரம்பர்க்ல இருந்த சிநேகிதருக்கு லெட்டர் போட்டார். அந்த மாதிரி ஒரு லெட்டர், கூட யாரோ கிறுக்கின ஒரு படம், அது ரெண்டும்தான் அதே நூரம்பர்க்ல இருந்த ஓவியர் ஆல்ப்ரெக்ட் ட்யூரருக்குக் கிடைச்சுது. மிருகத்தை அவர் பாக்கவேயில்ல. அந்த லெட்டரை வெச்சு இங்க்ல ஒரு படம் வரைஞ்சார் (பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு), அப்புறம் அதை மரக்கட்டைல செதுக்கி அச்சு போட்டாங்க. நீங்க சிரிச்சது அந்த அச்சைப் பாத்துத்தான்.

இப்ப முழுக்க கற்பனைன்னீங்களே, கொஞ்சம் கிட்ட வந்து பாருங்க. இந்தியக் காண்டாமிருகத்தோட தோல் நிஜமாவே தகடு தகடாத்தான் மடிஞ்சிருக்கும். தோள்லயும் பின்னாடித் தொடைலயும் குமிழ் குமிழா இருக்கும், ஆணி அடிச்சாப்ல. ட்யூரர் இருந்தது கவசம் செய்யறதுக்குப் பேர்போன ஊர். தகடு, குமிழ்னு லெட்டர்ல படிக்கறவனுக்கு மனசுல என்ன வரும்? எங்க தாத்தாவுக்கு கோயில் யானை வந்த மாதிரி அவருக்கு கவசம் வந்துது. தோளுக்கு மேல அந்தக் குட்டிக் கொம்பு தப்புதான், காலெல்லாம் செதில் போட்டதும் தப்புதான், மேல எழுதியிருக்கற குறிப்புல வருஷமே 1513ன்னு தப்பா போட்டிருக்கு, ஒத்துக்கறேன். யானை வயித்தைக் கிழிச்சுடும்னு வேற அதுல எழுதியிருக்கு, யானை ஓடி ஒளிஞ்ச கதை தெரியாத மாதிரி. ஆனா அந்தக் கண்ணையும், தாடைக்குக் கீழ தொங்கற மயிரையும் பாருங்க. எங்கயோ நிஜமா மூச்சு விட்டுட்டு நிக்கற ஒண்ணைப் பாத்து வரைஞ்ச மாதிரி இருக்கு. பாக்காமலே.

இப்பதான் நான் ரெண்டு மாசமா மண்டைல போட்டு உருட்டிட்டிருக்கற விஷயம் வருது. அதே 1515ல, ஆக்ஸ்பர்க்ல ஹான்ஸ் புர்க்மெயர்னு இன்னொருத்தர் அதே காண்டாமிருகத்தை அச்சு போட்டார். அவரும் நேர்ல பாத்ததில்ல, அவருக்கும் வந்த சேதிதான். ஆனா அவர் படத்துல முதுகுக் கொம்பு கிடையாது. கவசம் கிடையாது. தோல் தோலா இருக்கு. இன்னிக்கு அதோட பிரதி உலகத்துல ஒண்ணே ஒண்ணுதான் மிஞ்சியிருக்கு, வியன்னாவோட அல்பர்டினா மியூசியத்துல. ட்யூரரோடதை அவர் செத்ததுக்கப்புறமும் திரும்பத் திரும்ப அடிச்சு வித்தாங்க, இருநூறு வருஷத்துக்கு மேல ஐரோப்பால காண்டாமிருகம்னா அதுதான். தப்பானது ஜெயிச்சுது, சரியானது தோத்துது, உலகமே இப்படித்தான்னு நீங்க உடனே ஸ்டேட்டஸ் போட்டுடாதீங்க. நான் சொல்ல வந்தது அது இல்ல.

புர்க்மெயர் படத்துல முன்னங்கால் ரெண்டையும் பாருங்க. கட்டியிருக்கு. கால்கட்டு. (கல்யாணம் இல்ல தம்பி, நிஜக் கட்டு.) ட்யூரர் படத்துல அது இல்ல. தனக்கு வந்த கிறுக்கல்ல இருந்த கட்டை ட்யூரர் விட்டுட்டாரா, இல்ல அந்தக் கிறுக்கல்லயே அது இல்லையா, அதுக்குள்ள நான் போகல. அவரோட காண்டாமிருகம் ஒரு ராஜா மாதிரி தனியா, யாருக்கும் கட்டுப்படாம நிக்குது. அஞ்சு நூற்றாண்டா எல்லாரும் இல்லாத கொம்பு ஏன் வந்துதுன்னு பக்கம் பக்கமா எழுதறாங்க, நீங்களும் அதைப் பாத்துத்தான் சிரிச்சீங்க. இருந்த கட்டு எங்க போச்சுன்னு கேக்கணும்னு உங்களுக்குத் தோணிச்சா? எனக்கும் தோணல, உண்மையைச் சொல்லணும்னா, புர்க்மெயரைப் பாக்கற வரைக்கும் தோணல.

அந்தக் கட்டு ஏன் முக்கியம்னா, காண்டாமிருகம் செத்ததே கட்டி வெச்சதாலதான். மானுவல் ராஜா ஏற்கெனவே 1514ல போப் பத்தாம் லியோவுக்கு ஹன்னோன்னு ஒரு வெள்ளை யானை அனுப்பி நல்ல பேர் வாங்கியிருந்தார். (அந்த யானை 1516ல மலச்சிக்கல் வந்து, தங்கம் கலந்த பேதிமருந்து குடுத்து, செத்துப் போச்சு. பெரிய இடத்து வைத்தியம்.) அடுத்து இதையும் அனுப்பலாம்னு 1515 டிசம்பர்ல பச்சை வெல்வெட்ல பூப்போட்ட கழுத்துப்பட்டை மாட்டி கப்பல்ல ஏத்தினாங்க. வழில மார்செய் பக்கத்துல ஒரு தீவுல இறக்கி ஃபிரான்ஸ் ராஜா வந்து பாத்துட்டுப் போனார். அதுக்கப்புறம் இத்தாலிக் கரை, போர்ட்டோ வெனெரெகிட்ட புயல். கப்பல் முழுகிடுச்சு. காண்டாமிருகம் நல்லா நீந்தும் தம்பி. பிரம்மபுத்திராக் கரைல வெள்ளம் வந்தா நீந்திப் போற மிருகம் அது. ஆனா கப்பல் தளத்தோட சங்கிலி போட்டு வெச்சிருந்தாங்க.

இதுக்கப்புறம் 1741ல வங்காளத்துலேருந்து டச்சுக் கப்பல் கேப்டன் ஒருத்தர் கிளாரான்னு ஒரு பெண் காண்டாமிருகத்தைக் கொண்டு போய் பதினேழு வருஷம் ஊர் ஊரா டிக்கெட் போட்டுக் காட்டினார். அதைப் பாத்தப்புறம்தான் ட்யூரர் கொம்பு ஒருவழியா உதிர்ந்துது. கிளாராவை வெனிஸ்ல பியெத்ரோ லோங்கின்னு ஒரு ஓவியர் வரைஞ்ச படம் இருக்கு. வைக்கோல் தின்னுட்டு நிக்குது, பின்னாடி சாணி, அதோட கொம்பு விழுந்துடுச்சு, அதை ஒரு ஆள் கைல தூக்கிப் பிடிச்சுக் காட்டறான். காசு குடுத்துட்டு வந்து முகமூடி போட்டுக்கிட்டு நிக்கற கூட்டத்துல பாதிப் பேர் அது பக்கம் திரும்பவேயில்ல. நல்லா சரியா வரைஞ்ச படம்தான், கொம்பு கணக்குல குறை சொல்ல முடியாது. அதைப் பாத்து சிரிக்க வரலியே?

தாத்தாவை வண்டலூர் ஜூவுக்குக் கூட்டிட்டுப் போனது அவருக்கு எழுபது தாண்டினப்புறம். நீர்யானைக் குட்டைகிட்ட ரொம்ப நேரம் நின்னார். "இதுல யானை எங்கடா இருக்கு? பேர் வெச்சவனைக் கூப்பிடு"ன்னார். அப்புறம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் குனிஞ்சு குனிஞ்சு பாத்தார். என்ன தாத்தா தேடறீங்கன்னேன். "கட்டல போலருக்கு"ன்னார். ஸ்கூல்ல சிரிச்ச கதையை நான் அவர்கிட்ட அதுவரைக்கும் சொன்னதேயில்ல, அன்னிக்கும் சொல்லல. மார்க் எவ்ளோன்னு கேட்டதுக்கு பத்துக்கு எட்டுன்னு அப்பவே பொய் சொல்லியிருந்தேன்.

லிஸ்பன் கேட்டீங்க இல்ல. பெலேம் கோபுரத்துக்குப் போங்க. 1514லேருந்து 1519 வரைக்கும் கட்டினது, அதாவது கண்டா அந்த ஊர்ல இருந்தப்ப அங்க கல்லு செதுக்கிட்டிருந்தாங்க. காவல் கூண்டு ஒண்ணுக்கு அடியில ஒரு காண்டாமிருகம் செதுக்கியிருக்கு, உப்புக்காத்துல தேஞ்சு போய் மூஞ்சியே சரியா தெரியாது, தேடித்தான் பாக்கணும். நான் லிஸ்பன் போனதில்ல, போட்டோல பாத்ததுதான். நீங்க மொதல்ல கொம்பைத்தான் பாப்பீங்க, தெரியும். கால் செதுக்கியிருக்கானா, அதுல கட்டு ஏதாவது தெரியுதான்னு பாத்து எனக்கு ஒரு வரி எழுதுங்க.

அன்போட,
அண்ணன்